சபையை விட்டு வந்தாச்சு, பயம் மட்டும் விடுகுதில்லை – சடங்கு செய்து பாத்த ஆக்கள் இருக்கிறீங்களோ?

மாரிக்காத்து:
வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறன். அப்பா அம்மா ரெண்டு பேரும் சைவமா இருந்து சண்டை முடிஞ்ச கையோட பெந்தெகொஸ்தே சபையில சேந்தவை, அந்த நேரம் சபை ஆக்கள்தான் அரிசி பருப்பும் தந்து பக்கத்தில இருந்து ஆறுதலும் சொன்னவை, அதை நான் மறக்கேல்ல. பள்ளிக்கூடம் படிக்கேக்க காரைநகர் காசூரினா கடல்ல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தனான். இப்ப எனக்கு விசுவாசம் இல்லை, சபைக்குப் போறதும் இல்லை, அம்மாவுக்கும் தெரியும். ஆனா வேலையால வந்து வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டா, ரகசிய வருகை (இயேசு வந்து விசுவாசிகளை மட்டும் மேல எடுத்துக்கொண்டு போவார் எண்டு சபையில சொல்லுறது) நடந்திட்டுது, என்னை விட்டிட்டு எல்லாரும் எடுபட்டுப் போட்டினம் எண்டு இப்பவும் நெஞ்சு படக்குபடக்கெண்டு அடிக்குது. இல்லையெண்டு எவ்வளவு யோசிச்சாலும் அந்த நேரம் கை நடுங்கும்.

யூடியூப்பில வெளிநாட்டுப் பெட்டையள் கொஞ்சப்பேர் விட்ச்கிராஃப்ட் எண்டு செய்யினம், வளந்த மதத்தில இருந்து விடுபட தேய்பிறையில மெழுகுதிரி கொளுத்தி, பழைய வாக்குகளை பேப்பரில எழுதி எரிச்சு, உப்புத்தண்ணியில குளிக்கினம். பாக்கேக்க அழுகை வந்திட்டுது. ஒருத்தருக்கும் செய்வினை சூனியம் செய்யுற எண்ணம் எனக்கு இல்லை, என்னை நான் கழட்டி எடுக்கோணும், அவ்வளவுதான். இஞ்ச ஆரும் செய்தனீங்களோ? அம்மா இருக்கிற வீட்டில என்னெண்டு செய்யுறது?

ஆலடி அக்கா:
தங்கச்சி, நான் செய்தனான், கத்தோலிக்கத்தில இருந்து வந்த ஆள். முதல்ல ஒண்டு சொல்லுறன், நீங்கள் பாத்தது ஏதோ ஆயிரம் வருசப் பழசு எண்டு நினைச்சுப் பயப்பிடாதீங்கோ. விக்கா எண்டு இண்டைக்கு இருக்கிற விட்ச்கிராஃப்ட் மதம் இங்கிலாந்தில 1951ல பழைய சூனியச் சட்டத்தை நீக்கினாப் பிறகுதான் வெளியில வந்தது, ஜெரல்ட் கார்ட்னர் எண்டவர்தான் அதைப் பரப்பினவர், அவர் 1900ல வாலிபப் பெடியனா இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில வேலை செய்த ஆள். அவையின்ர எட்டுப் பண்டிகையும் ஐரோப்பாவின்ர காலநிலைக்கு வைச்சது. ஒக்டோபர் கடைசியில அவைக்கு எல்லாம் பட்டுப்போற காலம், எங்களுக்கு அப்பதான் மாரி தொடங்கி வயல் பச்சை பிடிக்கும். அதால அவையின்ர நாட்காட்டியைப் பாத்து நாள் குறிக்க வேண்டாம், சந்திரன் மட்டும் ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான், தேய்பிறை போதும்.

எனக்கு உதவினது எது தெரியுமோ. ஸ்கொட்லாந்தில 1662ல இசபெல் கௌடி எண்ட மனுசியை சூனியக்காரி எண்டு பிடிச்சு விசாரிச்சவை. அவ குடுத்த வாக்குமூலத்தில, ஞானஸ்நானத்தை மறுதலிச்சு, ஒரு கையை உச்சந்தலையிலயும் மற்றக் கையை உள்ளங்காலிலயும் வைச்சு, ரெண்டு கைக்கும் இடையில இருக்கிறதெல்லாத்தையும் பிசாசுக்குக் குடுத்ததா சொல்லுறா. அடைச்சு வைச்சு எடுத்த வாக்குமூலம், அதில எவ்வளவு உண்மையெண்டு ஆருக்குத் தெரியும், அந்த மனுசி பட்ட பாட்டை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு கனக்கும். ஆனா அந்தக் கை வைக்கிற முறை எனக்குப் பிடிச்சுது. நான் பிசாசையும் கூப்பிடேல்ல, கடவுளையும் கூப்பிடேல்ல, அறைக்கதவைச் சாத்திப்போட்டு அப்பிடியே கை வைச்சு, இதுக்கிடையில இருக்கிறதெல்லாம் என்ர எண்டு சத்தமாச் சொன்னனான். சத்தமாச் சொல்லோணும், ஏனெண்டா ஞானஸ்நானத்தில நீங்கள் வாயாலதான் அறிக்கை செய்தனீங்கள்.

வீட்டில சாம்பிராணி பிடிச்சா, கறுப்பு மெழுகுதிரி கொளுத்தினா அம்மா பதறிப்போவா, வேண்டாம். வெள்ளை மெழுகுதிரி, ஒரு வாளித் தண்ணி, ஒரு கை கல்லுப்பு காணும். பேப்பரை எவர்சில்வர் சட்டிக்குள்ள கிணத்தடியில எரிக்கலாம். வேதப்புத்தகத்தை மட்டும் எரிக்காதீங்கோ, அது அம்மா வாங்கித் தந்ததா இருக்கும், அந்தக் கவலை பயத்தை விடப் பெரிசா வந்து நிக்கும்.

கோண்டாவிலான்:
நான் மாறிக் கதைக்கிறன் எண்டு கோவிக்க வேண்டாம். எங்கட ஊரில கழிப்புக் கழிக்கிறது இருக்கு, உப்பு மிளகாய் சுத்தி அடுப்பில போடுறது, தேசிக்காய் வெட்டுறது, நீத்துப்பூசணி உடைக்கிறது எல்லாம் இருக்கு, ஏன் வெள்ளைக்காரன்ர முறைக்குப் போறியள்? எங்கட சனம் மதத்துக்குள்ள போய்த் திரும்பி வந்த சனம். ஒல்லாந்தர் காலத்தில உத்தியோகத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் வேணும், பேருக்கு எடுத்துப்போட்டு வீட்டுக்குள்ள விரதம் பிடிச்சு, சாப்பிட்ட வாழையிலையை கூரை இறப்புக்க செருகி ஒளிச்ச கதையை எங்கட அப்பாச்சி சொல்லுவா. 1795ல பிரிட்டிஷ்காரர் வர அந்தச் சனம் திரும்பக் கோயிலுக்குப் போச்சுது. நீங்களும் வைரவருக்கு ஒரு வடைமாலை சாத்தி விட்டாச் சரி.

மாரிக்காத்து:
அண்ணா நன்றி, ஆனா எனக்கு ஒரு கோயிலில இருந்து இன்னொரு கோயிலுக்குப் போற எண்ணம் இல்லை. அப்பம்மா இப்பவும் சைவந்தான், நான் பிரிஞ்சதைக் கேட்டவுடன திருநீறு பூச வந்தவ, அவவுக்கும் இல்லையெண்டுதான் சொன்னனான். உப்பு மிளகாய் சுத்துறது எண்டா சரி, அது அவ எனக்கு சின்னனில செய்தது, அதில சாமி இல்லை.

வாசிகசாலை:
ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல. சின்னனில கத்தோலிக்கத்தில தலையில தண்ணி ஊத்தின ஆக்கள் உங்கட சபைக்கு வந்தா அவைக்குத் திரும்ப முழுக்குக் குடுக்கினம்தானே? ஏன்? விசுவாசம் இல்லாம எடுத்தது செல்லாது எண்டு. அப்ப விசுவாசம் இல்லாத ஆளை அந்தத் தண்ணி பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு அவையே சொல்லேலாது. கத்தோலிக்கத்திலதான் வேற கதை, அவையைப் பொறுத்தவரை ஞானஸ்நானம் அழியாத முத்திரை. முறைப்படி விலகுறதைப் பற்றி திருச்சபைச் சட்டத்தில கொஞ்சம் இருந்தது, அதையும் 2009ல பதினாறாம் பெனடிக்ட் எடுத்துப்போட்டார். எங்கட நாட்டு அரசியலமைப்பு 10ம் உறுப்புரையில மனச்சாட்சிச் சுதந்திரம் எல்லாருக்கும் இருக்கு, ஒருத்தரிட்டையும் கடிதம் வாங்கத் தேவையில்லை.

நேர்ஸ் மாமி:
பிள்ளை, சடங்கு செய்யுங்கோ, நான் மறிக்கேல்ல. ஆனா ஆளில்லாத வீட்டைக் கண்டு கை நடுங்குறது எண்டால் அதையும் பாக்கோணும். மார்லீன் வினெல் எண்ட அமெரிக்க உளவியலாளர் 2011ல இதுக்கு மதம்சார் அதிர்ச்சி எண்டு பேர் வைச்சு எழுதினவ, மருத்துவக் கையேட்டில நோயெண்டு சேர்க்கேல்ல, ஆனா நரகப் பயத்தில வளந்து வெளியில வந்த நிறையப் பேருக்கு நித்திரையில்லாமை, திடீர்ப் பயம் எல்லாம் வரும் எண்டு அதில இருக்கு. நித்திரை கெட்டா 1926க்கு அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், தமிழிலயும் கதைக்கலாம். வீட்டுக்குள்ள வரேக்க ஒருத்தரும் இல்லையெண்டா முதல் அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கோ, அந்தக் குரலைக் கேட்டா உடம்பு அடங்கும். இன்னொண்டு, ஒன்லைனில சாபம் கழிக்கிறன் எண்டு காசு கேக்கிற ஆக்களும் இருக்கினம், இஞ்ச மாந்திரீகம் செய்யுற ஆக்களும் இருக்கினம், பயந்துபோய் நிக்கிற பிள்ளையைத்தான் அவையள் தேடுறவை. ஒரு சதமும் குடுக்க வேண்டாம்.

மாரிக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. வாசிகசாலை சொன்னதை அம்மாட்டயும் கேட்டுப் பாத்தன், அவ ஒண்டும் சொல்லேல்ல, ஆனா கோவிக்கவும் இல்லை. அக்கா, கடலுக்குப் போய்ச் செய்யலாமோ, அதே காசூரினாவில?

ஆலடி அக்கா:
போகலாம், ஆனா மாரி முடிஞ்சு கடல் அடங்கட்டும். தனியாப் போகாதீங்கோ, நீந்தத் தெரிஞ்ச சிநேகிதி ஒருத்தி கூட வரட்டும். முழுக வேண்டாம், முழங்கால் தண்ணி காணும். சொல்லுறதை நீங்களே எழுதுங்கோ, யூடியூப்பில பாத்ததைச் சொல்லாதீங்கோ. எழுதினாப் பிறகு விருப்பமெண்டா எனக்குத் தனிமடலில அனுப்புங்கோ.