ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல பிரீசெட் போட்டேன், பேனல்ல வரல. உதவி ப்ளீஸ்

கதிர்_கட்ஸ்:
வணக்கம். கல்யாண வீடியோ டைட்டிலுக்கு ஒரு டெக்ஸ்ட் பிரீசெட் பேக் (ரெடிமேட் எழுத்து அனிமேஷன்கள்) வாங்கினேன். விண்டோஸ் 11, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 2024. ஜிப்பைப் பிரிச்சு, டாக்குமெண்ட்ஸ்ல யூசர் பிரீசெட்ஸ்னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கிப் போட்டேன். சாஃப்ட்வேரை மூடித் திறந்தும் பார்த்தாச்சு. எஃபெக்ட்ஸ் அண்ட் பிரீசெட்ஸ் பேனல்ல பேரே காட்டல.

ரெண்டர்_ராணி:
ஃபைல் என்ன எக்ஸ்டென்ஷன்? .எஃப்எஃப்எக்ஸ் இருந்தாத்தான் பிரீசெட். .ஏஇஎக்ஸ்னா பிளக்இன், .ஜேஎஸ்எக்ஸ்னா ஸ்கிரிப்ட், ரெண்டுக்கும் ஃபோல்டர் வேற. .மோகர்ட் பெரும்பாலும் பிரீமியர்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு வர்றது. இங்க பாதிப் பேர் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிட்டுத்தான் வர்றாங்க.

கதிர்_கட்ஸ்:
எல்லாமே எஃப்எஃப்எக்ஸ்தான் அக்கா. ஆனா ஒவ்வொண்ணும் 1 கேபி. பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி, ஒரு அடிக்கோடு இருக்கு.

டைம்லைன்_முத்து:
தம்பி, அது பிரீசெட்டே இல்ல. மேக்ல ஜிப் பண்ணா மேக்ஓஎஸ்எக்ஸ்னு கூடவே ஒரு ஃபோல்டர் ஒட்டிக்கிட்டு வரும். உள்ள இருக்கிறது அதே பேர்ல வெறும் நிழல் ஃபைல். பக்கத்துல இன்னொரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, அசல் அதுலதான்.

போடுற இடத்தையும் குத்துமதிப்பா உண்டாக்காதீங்க. கிளவுட் பேக்கப் ஆன்ல இருந்தா டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே வேற இடத்துக்குப் போயிருக்கும். ஒரு லேயர்ல ஏதாவது எஃபெக்ட் போட்டு, அதை செலக்ட் பண்ணி, அனிமேஷன் மெனுல சேவ் அனிமேஷன் பிரீசெட் கொடுங்க. திறக்குற விண்டோ எந்த ஃபோல்டரைக் காட்டுதோ, அதுதான் சரியான இடம். அசலை அங்க போட்டுட்டு, பேனல் மெனுல ரெஃப்ரெஷ் லிஸ்ட். அதே மெனுல ஷோ அனிமேஷன் பிரீசெட்ஸுக்கு டிக் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கதிர்_கட்ஸ்:
வந்துடுச்சு அண்ணா! ரொம்ப நன்றி. ஆனா புதுசா ஒண்ணு. பொண்ணு பேரு கோதை. சும்மா நிக்கும்போது எழுத்து சரியா இருக்கு, ஓடும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்குது. அனிமேஷனும் நடுவுலதான் ஆரம்பிக்குது.

ரெண்டர்_ராணி:
ரெண்டாவது ஈஸி. பிரீசெட்டை அப்ளை பண்ணும்போது பிளேஹெட் (டைம்லைன்ல நகர்ற கோடு) எங்க நிக்குதோ அங்கேருந்துதான் கீஃப்ரேம் (அசைவுக்கான குறி) விழும். அன்டூ பண்ணி, கோட்டை ஆரம்பிக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்திட்டுப் போடுங்க.

எழுத்து உடையுறதுக்கு: டைம்லைன்ல டெக்ஸ்ட் லேயரோட ரேஞ்ச் செலக்டர் உள்ள அட்வான்ஸ்டைத் திறங்க. பேஸ்ட் ஆன்ல கேரக்டர்ஸ்னு இருக்கும், வேர்ட்ஸ்னு மாத்துங்க. இங்கிலீஷை மனசுல வெச்சுப் பண்ற பேக்குல எல்லாம் தமிழுக்கு இந்தத் தொல்லை உண்டு.

கதிர்_கட்ஸ்:
இப்ப உடையல. ஆனா பேர் மொத்தமா டப்புனு வருதே, ஒவ்வொரு எழுத்தா வராதா?

டைம்லைன்_முத்து:
அதுக்கு பிரீசெட்டே வேணாம். லீனியர் வைப் எஃபெக்ட் போட்டு இடதுலேருந்து திறங்க, ஃபெதரை (ஓரத்தோட மங்கலை) கொஞ்சம் ஏத்துங்க. எழுதுற மாதிரியே வரும்.