யார் போனது இன்னும் உறுத்துகிறது? கல்லூரிக் கூடைப்பந்தும் போர்ட்டலும்: அனுபவப் பகிர்வு

ஆந்தைக்கூட்டம்

சான் டியேகோ ஸ்டேட்டின் லாமோன்ட் பட்லர் போட்ட அந்த ஷாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 1, ஹூஸ்டன், தேசியப் போட்டியின் அரையிறுதி (ஃபைனல் ஃபோர்). எங்கள் ஃபுளோரிடா அட்லாண்டிக் 71-70 முன்னால். ஜானெல் டேவிஸின் லேஅப் தவற, மென்சா ரீபவுண்ட் எடுத்து பட்லரிடம் தள்ளுகிறார். அவர்கள் கோச் டச்சரிடம் டைம்அவுட் பாக்கி, ஆனாலும் கேட்கவில்லை. பட்லர் பேஸ்லைன் பக்கம் ஓடி, வழி அடைபட்டதும் ஓரடி பின்வாங்கி எழும்பினார். சைரன் ஒலிக்கும்போது பந்து காற்றில். 72-71. இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னால் இருந்த டீம் எங்களுடையது.

அது கூடப் பரவாயில்லை. அடுத்த வருஷம்தான் ஆறவே இல்லை. படிப்பு முடிந்த மைக்கேல் ஃபாரஸ்ட்டைத் தவிர முக்கியமான அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) காலத்தில் கேள்விப்படாத விஷயம். டிசம்பரில் அரிசோனாவை இரட்டை ஓவர்டைமில் 96-95 என்று சாய்த்தார்கள். மார்ச் மாதத் தேசியப் போட்டி வந்தது, முதல் சுற்றிலேயே நார்த்வெஸ்டர்னிடம் ஓவர்டைமில் காலி.

பிறகு ஒரே சிதறல். கோச் டஸ்டி மே மிச்சிகனுக்கு, கோல்டின் அவர் பின்னாலேயே. டேவிஸ் அர்கன்சாஸ், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா. நிக் பாய்ட் போனது எங்கே தெரியுமா? சான் டியேகோ ஸ்டேட்! தன்னை அழவைத்த அதே டீம். பட்லரோ அதே கோடையில் அங்கிருந்து கென்டக்கிக்கு. சேர்ந்தே இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; பிரிந்து போன மார்ட்டின் 2025-ல் கோப்பையைத் தூக்கினார். அப்படியென்றால் ஒரு டீமைக் கட்டிக் காப்பதில் என்னதான் லாபம்?

மயில் இறகு

உங்களுக்காவது கூடுதலாக ஒரு வருஷம் கிடைத்தது. செயின்ட் பீட்டர்ஸுக்கு மூன்று நாள்தான்.

2022. ஜெர்சி சிட்டியின் சின்னப் பள்ளி (கல்லூரியைத்தான் இப்படிச் சொல்கிறோம்), 15-ஆம் தரவரிசை, அதாவது ஒரு பிரிவின் 16 டீம்களில் கடைசிக்கு முந்தையது. கென்டக்கியை 85-79, பிறகு மர்ரே ஸ்டேட், பிறகு பர்டூவை 67-64. 15-ஆம் தரவரிசை டீம் கடைசி எட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்ற மூன்றாம் நாள் கோச் ஷஹீன் ஹாலோவே தான் படித்து ஆடிய சீட்டன் ஹாலுக்குப் போனார். அவர் போனதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னாலேயே கேசி என்டெஃபோ அதே சீட்டன் ஹால், மீசைக்கார எடர்ட் பிரையன்ட், பாங்க்ஸ் செயின்ட் போனவென்சர், மேத்யூ லீ மிசௌரி ஸ்டேட், டிராமே இரட்டையர் லா சால். போஸ்டரில் இருந்த முகங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த சீசன் 14-18.

வீரர்களைத் திட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணி உடைவதற்கு முதல் விரிசல் வீரர் கேட்கும் பணத்தில் விழுவதில்லை, கோச் கையெழுத்தில் விழுகிறது. அதனால்தான் தலைமைக் கோச் போனால் அந்த வீரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு போர்ட்டல் கெடு தருகிறார்கள். புது கோச் பாஷிர் மேசன் மீண்டும் போட்டிக்குக் கொண்டுவந்தது 2024-ல். இரண்டு வருஷம் ஆனது, அதுவும் டென்னஸியிடம் 83-49.

தார்க்குதிகால்

நார்த் கரோலினாவின் கேலப் லவ். வேறு யார்?

2022 ஃபைனல் ஃபோர், டியூக்கோடு, கடைசி அரை நிமிஷத்துக்குள் மார்க் வில்லியம்ஸின் நீட்டிய கைக்கு மேலே ஒரு மூன்று புள்ளி. 81-77, டியூக்கின் கோச் கே-யின் கடைசி ஆட்டம் அதோடு சரி. அடுத்த சீசன் நார்த் கரோலினா நாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கி மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. லவ் போர்ட்டலில் பெயர் போட்டார். மிச்சிகனுக்கு வருவதாக அறிவித்தார். ஆனால் போகவில்லை, சேர்க்கையில் கிரெடிட் (முடித்த பாடங்களின் அலகு) கணக்கு உதைத்தது. அரிசோனா எடுத்துக்கொண்டது, பேக்-12 கான்ஃபரன்ஸின் (லீக்) சிறந்த வீரர் ஆனார்.

இந்த கிரெடிட் விஷயத்தை யாருமே பேசுவதில்லை, எல்லாரும் பணம் பணம் என்கிறார்கள். கணக்கு எளிது. டிவிஷன் 1-ல் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) மூன்றாம் வருஷம் தொடங்கும்போது பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் வருஷத்துக்கு 60, ஐந்தாம் வருஷத்துக்கு 80 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். அதுவும் புதிய பள்ளியில் எடுக்கும் பட்டத்தின் சதவீதம். 120 கிரெடிட் பட்டம், பையன் மூன்று வருஷத்தில் 90 முடித்திருக்கிறான் என்று வையுங்கள். பழைய இடத்தில் அது 75 சதவீதம். புதிய பள்ளி அதில் 60-ஐத்தான் ஏற்கிறது என்றால் 50 சதவீதம், நான்காம் வருஷம் ஆடத் தகுதி இல்லை. கோடை வகுப்பில் 12 கிரெடிட் எடுத்துத்தான் மேலே வரவேண்டும். பட்டம் முடித்தவனுக்கு இந்தத் தலைவலி இல்லை. இளநிலை முடித்த டிரான்ஸ்ஃபருக்கு (பள்ளி மாறி வருபவர்) இவ்வளவு கிராக்கி ஏன் என்றால் இதுவும் ஒரு காரணம்.

கணக்குப்பிள்ளை

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேலே மூன்று பேரும் போனவர்களின் பெயரைத்தான் அடுக்கியிருக்கிறீர்கள். ரோஸ்டர் (அணிப் பட்டியல்) போடுகிறவர்கள் பெயரில் ஆரம்பிப்பதில்லை, நிமிஷத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு ஆட்டம் 40 நிமிஷம், களத்தில் ஐந்து பேர், ஆக 200 நிமிஷம். முதல் ஐவருக்குத் தலா 30 என்றால் 150 போயிற்று. மீதி 50-ஐ மூன்று அல்லது நான்கு பேர் பகிர்வார்கள். ரோஸ்டரில் 15 பேர் வைக்கலாம் (2025 வரை 13 ஸ்காலர்ஷிப், வீரர்களுக்குப் பள்ளிகள் நேரடியாகப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு ஸ்காலர்ஷிப் வரம்பு போய் 15 என்ற ரோஸ்டர் வரம்பு வந்தது). கூட்டிப் பாருங்கள், ஆறு பேருக்கு நிமிஷமே இல்லை. ஏப்ரலில் போர்ட்டலில் முதலில் வரும் பெயர்கள் இந்த ஆறில்தான் இருக்கும். அதைத் துரோகம் என்று கத்துவது வீண். சத்தம் போட வேண்டியது 28 நிமிஷம் ஆடியவன் போனால் மட்டும்.

அடுத்தது, பந்து யார் கையில். ஒருவர் களத்தில் இருக்கும்போது டீமின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவர் ஷாட்டிலோ, ஃபவுலிலோ, டர்ன்ஓவரிலோ முடிகிறது என்பதுதான் யூசேஜ். ஐந்து பேரின் கூட்டல் 100, சராசரி 20. சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து 28, 28, 28 என்று மூன்று நட்சத்திரங்களைக் கொண்டுவந்தால் 84 ஆகிவிட்டது, மற்ற இருவருக்கும் சேர்த்து 16. நடக்காத காரியம். யாரோ ஒருவர் 18-க்கு இறங்க வேண்டும், இறங்குகிறவருக்குப் பந்து இல்லாமலும் வேலை தெரிந்திருக்க வேண்டும்: கார்னரில் நின்று மூன்று புள்ளி போடுவது, ஸ்கிரீன் வைப்பது, எதிராளியின் முதல் கார்டைப் (பந்தைக் கொண்டுவரும் வீரர்) பிடிப்பது. புள்ளிப் பட்டியலின் முதல் பத்தில் மூன்று பேரை வாங்கிவிட்டு ஜனவரியில் தலையில் கைவைக்கும் டீம்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

சின்ன கான்ஃபரன்ஸ் எண்களில் எது தங்கும் எது கரையும் என்றும் பாருங்கள். ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ சதவீதம், பாஸ் பெரும்பாலும் கூடவே வரும். ரிம் பக்கத்தில் போடும் புள்ளிகள் கரையும், ஏனென்றால் அங்கே 6 அடி 7 அங்குலச் சென்டருக்கு எதிராகப் போட்டதை இங்கே 7 அடிக்காரன் தட்டிவிடுவான்.

பணம் கடைசியில். 2025-26-க்கு ஒரு பள்ளி நேரடியாகப் பங்கிடக்கூடிய உச்சவரம்பு 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பெரிய ஃபுட்பால் பள்ளிகளில் பேசப்படும் பங்கீடு ஃபுட்பாலுக்கு 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம். 15 சதவீதம் என்றால் சுமார் 30 லட்சம் டாலர். செயின்ட் ஜான்ஸ் மாதிரி ஃபுட்பாலே இல்லாத பள்ளி இதைவிட அதிகம் ஒதுக்க முடியும். இதற்கு மேல் வெளியார் தரும் என்ஐஎல் (வீரரின் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும்) ஒப்பந்தங்கள் தனி. 600 டாலருக்கு மேலானவை சரிபார்ப்புக்குப் போக வேண்டும்.

தேதியும் முக்கியம். 2024-ல் போர்ட்டல் கெடு 45 நாள், 2025-ல் 30 நாள். 2025 மார்ச் 24 அன்று போர்ட்டல் திறந்தபோது 16 டீம்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. தோற்ற டீமின் கோச் போன் போட்டுக்கொண்டிருப்பார், ஜெயித்தவர் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். ஜெயித்ததற்கு இப்படி ஒரு தண்டனை. 2026-ல்தான் புத்தி வந்து இறுதிப் போட்டிக்கு மறுநாள் தொடங்கி 15 நாள் என்று மாற்றினார்கள்.

நீலப்புல்

@கணக்குப்பிள்ளை யூசேஜ் பாடம் சரி, ஆனால் பெரிய உதாரணத்தை விட்டுவிட்டீர்கள். 2024 ஏப்ரல், எங்கள் கென்டக்கி கோச் காலிபாரி அர்கன்சாஸ் போய்விட்டார், மார்க் போப் வந்தபோது ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட இல்லை. பூஜ்யம்.

போப் நட்சத்திரம் தேடவில்லை, வேலை தேடினார். எதிராளி கார்டைப் பிடிக்க பட்லர். தூரத்திலிருந்து போட டேட்டனின் கோபி பிரேயா. தன் ஆட்டமுறை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வேண்டும் என்று, தான் முன்பு கோச்சாக இருந்த பிஒய்யூவிலிருந்து ஜாக்சன் ராபின்சன். பாஸ் போடத் தெரிந்த சென்டராக டிரெக்ஸலின் அமாரி வில்லியம்ஸ். ஓக்லஹோமாவின் ஒட்டேகா ஓவே, வேக் ஃபாரஸ்ட்டின் ஆண்ட்ரூ கார். பெரிய புள்ளிப் பட்டியல்காரர் யாரும் இல்லை. நவம்பரில் டியூக்கை 77-72. கடைசி நொடிகளில் கூப்பர் ஃபிளாக் உள்ளே நுழைய, ஓவே கையை விட்டுப் பந்தைப் பறித்தார் பாருங்கள், ஒன்றாக ஆடத் தொடங்கி ஆறு மாசம்கூட ஆகாத டீமின் ஆட்டம் அது.

எங்கே உடைந்தது என்றால், கார்டுகள். இன்னொரு கார்டு கிரீசாவுக்குக் கால், பட்லருக்குத் தோள், ராபின்சனுக்கு மணிக்கட்டு. பந்தைக் கொண்டுவரும் மூவரும் அடிபட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. கடைசி 16 வரை வந்து டென்னஸியிடம் 78-65. அதே டென்னஸியை அந்த சீசனில் இரண்டு தடவை ஜெயித்தவர்கள்! 15 பேரில் பந்து கொண்டுவரத் தெரிந்தவர் நான்கு பேராவது வேண்டும். யூசேஜ் எல்லாம் அப்புறம்.

பாய்லர்மேன்

@ஆந்தைக்கூட்டம் "கட்டிக் காப்பதில் என்ன லாபம்" என்று கேட்டீர்களே, பர்டூவைப் பாருங்கள். 2023-ல் 16-ஆம் தரவரிசை ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58. நாட்டின் மிக உயரமான டீம்களில் ஒன்று மிகக் குட்டையான டீமிடம் தோற்றது. கடைசி நிமிஷங்களில் எங்கள் உயரமான சென்டர் எடிக்குப் பந்து சரியாகப் போய்ச் சேரவில்லை, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன். வேறு கோச்சாக இருந்தால் ஆறு பேரை மாற்றியிருப்பார். எங்கள் கோச் பெய்ன்டர் போர்ட்டலில் எடுத்தது ஒரே ஒருவர், சதர்ன் இலினாயின் லான்ஸ் ஜோன்ஸ். பந்துக்கு அழுத்தம் வந்தால் உடைக்கத் தெரிந்த மூத்த கார்டு. குறை எதுவோ அதற்கு மட்டும் ஆள். அடுத்த வருஷம் இறுதிப் போட்டி. யூகானிடம் (கனெக்டிகட்) 75-60, அது வேறு கதை.

ஃபேர்லி டிக்கின்சன் என்ன ஆனது? கோச் டோபின் ஆண்டர்சன் சில நாளில் ஐயோனாவுக்கு. ஐயோனாவில் ஏன் இடம் காலி? அங்கே கோச்சாக இருந்த பிட்டினோ செயின்ட் ஜான்ஸ் போனார். பிட்டினோ போனதால் ஐயோனாவை விட்டு ஃபுளோரிடா போனவர் வால்டர் கிளேட்டன். ஒரே வாரத்துக் கோச் மாற்றம் 2025 சாம்பியனையே தீர்மானித்துவிட்டது.

கணக்குப்பிள்ளை

@பாய்லர்மேன் அதே கிளேட்டனை வைத்துத்தான் "போர்ட்டல் டீம் ஜெயித்தது" என்கிறார்கள். ஃபுளோரிடாவின் முதல் ஐவரில் நால்வர் டிரான்ஸ்ஃபர், உண்மை. ஆனால் பெல்மான்ட்டிலிருந்து வந்த வில் ரிச்சர்டுக்கு அது மூன்றாம் வருஷம், கிளேட்டனுக்கு இரண்டாம் வருஷம். காண்டன் நேரடியாகச் சேர்ந்தவர், அவருக்கும் இரண்டாம் வருஷம். புதுசு என்றால் மார்ட்டினும் சின்யேலுவும் மட்டும். இறுதிப் போட்டியில் எதிரே இருந்த ஹூஸ்டனும் அப்படியே, முதல் ஐவரில் புதுமுகம் மிலோஸ் யூசான் ஒருவர்தான். 65-63-ல் கடைசி வாய்ப்பு: எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்ப, கிளேட்டன் பாய்ந்து வர, ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டு எடுக்கவும் முடியாமல் நின்றார், எடுத்தால் டிராவல். காண்டன் விழுந்து அமுக்கினார். பழைய ஆட்கள் மூன்று, புது ஆட்கள் இரண்டு. ஆந்தைக்கூட்டம் கேட்டதற்கு என் பதில் இந்த விகிதம்தான்.

ஐ-20

எல்லாரும் பணக் கணக்கில் வெளிநாட்டு வீரர்களை மறந்துவிடுகிறீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வெளி வேலை செய்ய முடியாது என்பதை இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கடை விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கினாலே சிக்கல். 2022 ஆகஸ்டில் கென்டக்கி பஹாமாஸ் போனபோது ஆஸ்கர் ஷிப்வே அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்ஐஎல் வேலைகளை முடித்துக்கொண்டது இதனால்தான். பள்ளி மாறும்போது செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களின் அரசுப் பதிவேடு) பதிவையும் மாற்ற வேண்டும், மே மாதத்தில் சேர வாக்குக் கொடுத்தவனுக்கு அந்த வேலையும் சேர்ந்துகொள்ளும். உயரமான சென்டர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி தெரிகிற காலத்தில் ஒப்பந்தம் எழுதுகிறவர் குடியேற்ற வக்கீலிடம் முதலில் பேச வேண்டும்.

மயில் இறகு

போர்ட்டலில் பெயர் வந்துவிட்டது என்று இரவெல்லாம் பதறுகிறவர்களுக்கு ஒன்று. வீரர் எழுத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பள்ளி பெயரைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வர வழி உண்டு, பழைய பள்ளி விரும்பினால். ஆனால் பெயர் பதிந்ததும் அந்தப் பருவம் முடிந்தவுடன் ஸ்காலர்ஷிப்பை நிறுத்த பள்ளிக்கு உரிமை வந்துவிடும். பெயருக்கு எதிரே "தொடர்புகொள்ள வேண்டாம்" என்ற குறி இருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள், பையன் போகும் இடம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.