அப்பாவின் குதிகால் புண்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

குறுவை நடவு சமயம். அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. வரப்பில் கிடந்த கருவேல முள் குதிகாலில் ஏறி ஒடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. மரத்துப்போன கால். நாலாம் நாள் பாயில் கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

"காத்தாட வுடு, காயட்டும்" என்றார் பெரியப்பா. மஞ்சளைக் குழைத்துப் போட்டோம். மேலே பொருக்கு கட்டியது, உள்ளே சீழ். ஆஸ்பத்திரியில் கீறி, முள்ளை எடுத்து, ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். பத்து நாள் கழித்து, குழியில் வெள்ளி கலந்த ஹைட்ரோஜெல் வைத்தார்கள். பார்க்க இளநுங்கு மாதிரி. பாலிமர் வலைக்குள் பிடித்து வைத்த தண்ணீர்தான் அதில் பெரும்பகுதி. வெள்ளி அயனிகள் மெல்ல வெளியேறிக் கிருமியைக் கொல்லும். செத்த சதை ஈரத்தில் இளகிக் கழன்று வரும்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்றிருந்த எனக்கு இது புதிது. தேடிப் பார்த்தால், 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்திருக்கிறார்: ஈரம் காயாமல் மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்ததாம்.

படித்த மிதப்பில் ஒரு தப்பு செய்தேன். வீட்டுக்கு வந்தபின் புண்ணில் மறுபடி நீர் வடிய ஆரம்பித்தது. நல்லதுதானே என்று நானே ஜெல்லை அப்பினேன். இரண்டு நாளில் ஓரமெல்லாம் வெளுத்து ஊறிவிட்டது. கட்டு மாற்றும் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். "வடியிற புண்ணுக்கு இதை ஏன் தம்பி வச்சீங்க? நாளெல்லாம் சேத்துல நின்ன கால் மாதிரி ஆயிருச்சு பாருங்க." கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் பட்டைக்கு மாற்றினார், அது நீரை உறிஞ்சும். வடிதல் நின்றபிறகே மறுபடி ஜெல். ஆற மூன்று மாதம். அத்தனை நாளும் குதிகாலை ஊன்றவிடவில்லை; என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் அதுதான்.

நாகையிலிருந்து:

என் அத்தைக்கும் இதே கதைதான், அவருக்குக் கட்டைவிரல். ஒன்று கேட்டு வையுங்கள். சில கட்டுகளில் கிட்டோசான் இருக்கும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது, அதற்கே கிருமியை அடக்கும் குணம் உண்டு. அத்தைக்கு இறால் தின்றால் தடிப்பு வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். டாக்டர் வேறு கட்டு எழுதினார். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

சம்பாவுக்கு இறங்கிவிட்டார். கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சேறு இழுக்கிறது என்று வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுகிறார். ராத்திரி டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பது அம்மா வேலை.