தன்னை அறிய ஓர் ஆயுள் வேண்டுமா?

கரிசல்காட்டான்:
தன்னை அறிவது வாழ்நாள் முழுவதும் நடக்கும் உள்வளர்ச்சி என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1896-இல் மதுரையில், சிற்றப்பா வீட்டில், 16 வயது வேங்கடராமனுக்குத் திடீரென மரணபயம் வந்தது. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது. 1950-இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக உடலை விடும்வரை அதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வளர்ச்சி எங்கே வந்தது?

தாமிரபரணி:
விதிவிலக்கை வைத்துச் சட்டம் எழுதாதீர்கள் ஐயா. சிவப்பிரகாசம் பிள்ளையைப் பாருங்கள். 1902-இல், ரமணர் தங்கியிருந்த திருவண்ணாமலை மலையிலுள்ள விருபாட்ச குகைக்குப் போய் ‘நான் யார்?’ என்று கேட்டவர். மௌனத்தில் இருந்த ரமணர் அவருக்கு எழுதிக் காட்டிய விடைகள்தாம் பின்னால் நூலாயின. அப்பேர்ப்பட்டவர், மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளலாமா என்று தவித்து 1913-இல் அதே குகைக்கு வந்து நின்றார். விடையைக் கையோடு வாங்கிப் போனவருக்கே இந்தக் கதி.

கரிசல்காட்டான்:
பிள்ளை தவித்தார், சரி. ஆன்மா புதிதாக அடையவேண்டியது அன்று, இப்போதே இருப்பது என்றுதானே ரமணர் திரும்பத் திரும்பச் சொன்னார்? இருப்பது எதற்கு வளரவேண்டும்? ‘வளர்ந்துகொண்டிருக்கிறேன்’ என்பது தள்ளிப்போடுவதற்கு ஒரு கௌரவமான சாக்கு. சுயமுன்னேற்ற வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

அடுக்களைக்காரி:
இருவரும் ரமணரின் தாய் அழகம்மாளை மறந்துவிட்டீர்கள். 1898-இல், மகன் அப்போது தங்கியிருந்த திருவண்ணாமலைப் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று மகனிடம் அழுதவர். 1916-இல் அவரே மலைக்கு வந்து மகனோடு தங்கிவிட்டார். ஆனால் ஆசாரம் லேசில் போகவில்லை. வெங்காயம் தொடமாட்டார். முக்திக்குப் பெரிய தடை இந்த வெங்காயந்தான் என்று மகன் கேலி செய்வாராம்! கேலியும் உபதேசமுமாக ஆறு ஆண்டுகள். 1922-இல், இறக்கும் நாளில், ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மற்றதைத் தலையிலும் வைத்தபடி மகன் அருகிலேயே இருந்தார். அவர் முக்தி அடைந்தார் என்று ரமணரே சொன்னார். மகனுக்கு ஒரே நாளில் நடந்தது தாய்க்கு ஏன் நடக்கவில்லை?

கரிசல்காட்டான்:
அம்மா, நீங்களே என் பக்கம் வாதாடுகிறீர்கள். வெங்காயத்தின் மேலிருந்த வெறுப்பு, ஆசாரம், ‘என் பிள்ளை’ என்ற பிடி, எல்லாம் கழன்றன. இதில் வளர்ந்தது எது? தேய்ந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தாமிரபரணி:
தேயவும் காலம் பிடிக்குமே. அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறோம்!

அடுக்களைக்காரி:
எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்துவிட்டதாக நீங்கள் சொல்லும் ரமணர், ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் உட்கார்ந்து காய் நறுக்கியவர். முடிந்தது என்று சொல்லி வீட்டு வேலையிலிருந்து நழுவும் ஆண்கள் அவரைத் துணைக்கு அழைக்க வேண்டாம். அதிருக்கட்டும், ஒரே நாளில் எல்லாம் முடிந்த இன்னொருவரைக் காட்டுங்கள் கரிசல்காட்டான், பிறகு பேசலாம்.