அரக் வெளுப்பதற்கு ஒரு சொல்: "பால்பூத்தல்"?

அன்புள்ள குழுவினருக்கு,

அரக் என்னும் மதுவில் தண்ணீர் விட்டதும் அது பால்போல் வெளுக்கிறது. இந்த நிகழ்வுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடும்போது முன்பு வந்த யோசனை இது:

> "ஊசோ விளைவு" என்றே எழுதிவிடலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் "பால்திரிதல்".

இரண்டும் வேண்டாம் என்பேன். ஊசோ கிரேக்க மது. லெபனானின் அரக், துருக்கியின் ராக்கி, பிரான்சின் பஸ்தீஸ் எல்லாமே தண்ணீர் பட்டால் வெளுப்பவை. ஒரு நாட்டுச் சரக்கின் பெயரைப் பொது நிகழ்வுக்குச் சூட்டுவானேன்? தமிழ்க் காதுக்கு அது 'ஊசிப்போனது' என்றும் விழும். திரிதல் இன்னும் தவறு. திரிந்த பாலில் கட்டி வேறு, நீர் வேறாகப் பிரிந்துவிடும். இங்கே அப்படி எதுவும் அடியில் தங்காது.

அரக்கில் சாராயம் (ஆல்ககால்) ஏறத்தாழ 50 விழுக்காடு. சோம்பு போல மணக்கும் அனீசு விதையின் அனெத்தோல் எண்ணெய் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது என்றே சொல்லலாம். ஒரு பங்கு அரக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் சாராயம் 17 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதுவரை கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாக வெளிவந்து ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் பால்மமாக்கி எதுவும் சேர்க்காமலே மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோம். உள்ளே கரைந்து கிடந்தது வெளியே வெள்ளையாகத் தெரிவதற்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள வினை அது. அதனால் "பால்பூத்தல்".

இதற்குத் துணைச்சொல் ஒன்றும் தேவைப்படும். லெபனானில் ஞாயிறு மதியம் மெஸ்ஸே எனும் சிறு பதார்த்தத் தட்டுகளோடு நீளும் விருந்தில் முதலில் அரக், பிறகு தண்ணீர், கடைசியில்தான் பனிக்கட்டி. அனெத்தோல் 21 டிகிரி செல்சியசிலேயே உறையக்கூடியது. வெறும் அரக்கில் பனிக்கட்டியைப் போட்டால் மேலே படிகச் சவ்வு மிதக்கும். குவளையின் உட்சுவரிலும் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் குவளை வைப்பார்கள். இந்தச் சவ்வை "ஆடை" எனலாமா?

---

> அதனால் "பால்பூத்தல்".

ஐயா, வினைச்சொல்லை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் யாரும் இதைப் "பால்பூப்பு" என்று சுருக்கிவிடக் கூடாது. பூப்பு என்றால் பெண் பருவமெய்துவதுதான் நினைவுக்கு வரும். "ஆடை"யும் பொருத்தம், பாலோடு சேர்ந்தே வருகிறது.

"அனீசு" என்று நீங்கள் எழுதியது சரி. சோம்பு என்று எழுதினால் நம் கடைகளில் பெருஞ்சீரகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அன்னாசிப்பூவிலும் அனெத்தோல் உண்டு, ஆனால் அது வேறு, ஒரு மரத்தின் காய்.

ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். திராட்சைச் சாராயத்தில் அனீசு சேர்த்து வாலையில் (வடிகலத்தில்) மறுபடி வடிக்கும்போது, கடைசியில் இறங்கும் வடிநீரில் சாராயம் குறைந்துகொண்டே போகும். அதை உரிய நேரத்தில் ஒதுக்காவிட்டால், குடிப்பவர் தண்ணீர் விடும் முன்பே ஏனத்தில் வெளுத்துவிடும். அது வடிப்பின் பழுது; "கலங்கல்" என்போம். பால்பூத்தல் குவளையில் நடப்பது, விரும்பிச் செய்வது.

பதிவுக்கு: பால்பூத்தல் (வினை) – சாராயத்தில் கரைந்த எண்ணெய், நீர் சேர்ந்ததும் நுண்துளிகளாகி வெளுத்தல். எ.கா.: "தண்ணீர் விட்டதும் அரக் பால்பூத்தது."