ஆபீஸ் சீட்டாட்டம்: என்ன அளவில் அச்சிடலாம்?

லெட்ஜர்:
எங்கள் ஆபீஸை வைத்து ஒரு சீட்டாட்டம் செய்திருக்கிறேன். கையிலுள்ள ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். ‘ஆடிட் வருது’ சீட்டு விழும்போது யாரிடம் ஃபைல் அதிகமோ அவர் அவுட். ‘சர்வர் டவுன்’ வந்தால் ஒரு சுற்று எல்லோருக்கும் டீ. பிடிஎஃப்பாகப் பகிர ஆசை. சீட்டு என்ன அளவு வைக்கலாம்?

கத்தரிக்கோல்:
63க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் ஒன்பது அடங்கும், ஸ்லீவும் (சீட்டைச் செருகும் பிளாஸ்டிக் உறை) அந்த அளவில் கிடைக்கும். பின்பக்க டிசைன் வேண்டாம்; வீட்டு பிரின்டரில் இரண்டு பக்கமும் நேராக விழாது. சாதாரணத் தாளில் அடித்து, பழைய ரம்மிச் சீட்டோடு ஸ்லீவில் செருகினால் போதும்.

மூன்றாம்மாடி:
கருப்பு வெள்ளையிலும் ஒன்று போடுங்கள், இங்க் விலை தெரியும்தானே. அப்புறம், ‘மேனேஜர்’ சீட்டின் படத்தில் இருப்பது உங்கள் மேனேஜரா? பகிரும் முன் மீசையை எடுத்துவிடுங்கள் சார்.

லெட்ஜர்:
மீசை இல்லாவிட்டால் சிரிப்பே வராதே! சரி, கண்ணாடி மாட்டிவிடுகிறேன்.