மலைப் புல்லில் செம்மறி: பட்டி திறக்கும் நேரம், புழு, குளம்பு

ஊட்டி பக்கத்திலிருந்து:
காலை ஏழு மணிக்கே பட்டியைத் திறப்பது சமவெளிப் பழக்கம். நீலகிரியில் அப்படிச் செய்தால் வயிற்றுப் புழுவை நாமே ஊட்டிவிடுகிற மாதிரிதான். புழுக்கையிலிருந்து வரும் இளம்புழு, பனி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் ஏறும். ஈரம் காய்ந்து, வெயில் உறைத்த பிறகுதான் ஆட்டை விட வேண்டும். தெளிந்த நாளில் ஒன்பதரை, மூடுபனி நாளில் பதினொன்று கூட ஆகும். அதுவரை பட்டிக்குள்ளேயே காய்ந்த புல் கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல்லை வெறும் வயிற்றில் மேயவே விடக்கூடாது.

இன்னொன்று, புல்லின் உயரம். கிக்குயு புல் ஒரு சாண் வளர்ந்ததும் ஆட்டை விடுங்கள், நான்கு விரல் மிச்சம் இருக்கும்போதே வேறு இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். மொட்டையாக மேயவிட்டால் புழு அதிகம் இருக்கும் அடிப்புல்லும் வயிற்றுக்குள் போகும், மழையில் மண்ணும் அரிக்கும்.

மன்னவனூர் பக்கத்திலிருந்து:
அண்ணன் சொன்ன நேரக் கணக்கு கொடைக்கானல் மேல்மலைக்கும் பொருந்தும். ஆனால் 'மேய்ச்சல் நிலத்தை ஒரு மாதம் காலியாகப் போட்டால் புழு செத்துவிடும்' என்று சிலர் சொல்வதை இங்கே நம்பாதீர்கள். அது கீழே, வெயில் பொசுக்கும் ஊர்க் கணக்கு. குளிரும் ஈரமும் உள்ள மலையில் இளம்புழு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நடுவில் வளர்ந்த மாடுகளை விட்டு மேய்ப்பதோ, ஒரு முறை புல்லை அறுத்து உலர்த்துவதோதான் பலன் தரும். இப்படிச் சுத்தமான மேய்ச்சல் நிலத்தை முதலில் பால் மறந்த குட்டிகளுக்கு ஒதுக்குங்கள், அவைதான் புழுவுக்குச் சீக்கிரம் பலியாகும்.

கோத்தகிரி பக்கத்திலிருந்து:
புழு மருந்து கொடுத்தும் தாடை வீக்கம் (புழு ரத்தத்தை உறிஞ்சுவதால் வருவது) வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அளவுதான் தப்பு. 2.5 சதவீத ஆல்பெண்டசோல் புழு மருந்து, கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வீதம், 30 கிலோ ஆட்டுக்கு 9 மில்லி. கண்ணால் பார்த்து 22 கிலோ என்று நினைத்து ஆறரை மில்லி ஊற்றினால் வலுத்த புழு பிழைத்துக்கொள்ளும், அடுத்த தலைமுறைக்கு மருந்தே கேட்காது. மந்தையில் கனமான ஆட்டை எடை போட்டு அதற்கான அளவைக் கொடுங்கள். எடை வித்தியாசம் அதிகமென்றால் பெரியது, சிறியது என்று பிரித்துவிடுங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் இந்த மருந்து ஆகாது, குட்டிக்கு ஊனம் வரலாம்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றவும் வேண்டாம். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் விடுங்கள், வெளிறியிருந்தால் மட்டும் கொடுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் சோதித்தால் மருந்து கேட்டதா என்று தெரிந்துவிடும்.

மறுபடி ஊட்டி:
குளம்பு அழுகலையும் சேர்த்துச் சொல்கிறேன், தென்மேற்குப் பருவமழையில் அதுதான் பெரிய தொல்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட். குளம்பு முழுக்க நனையும் ஆழத்தில் தொட்டி. முதலில் வெறும் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள், இல்லையென்றால் மருந்து தோலைத் தொடாது. பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஒரு மணி நேரம் காய்ந்த கெட்டித் தரையில் விடுங்கள். நேரே ஈரப்புல்லுக்கு ஓட்டினால் போட்ட மருந்து வீண். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வேண்டாம்: செம்மறிக்குத் தாமிரம் விஷம், தொட்டியில் வாய் வைத்தாலே ஆபத்து.

மன்னவனூர்:
பள்ளத்துச் சதுப்பை வேலி போட்டு அடைத்துவிடுங்கள். அங்கேதான் நத்தை இருக்கும், அதன் வழியாகத்தான் ஈரல் தட்டைப்புழு பரவும். தண்ணீரைத் தொட்டியில் காட்டுங்கள். உப்புக்கட்டியை ஆடு போகாத சரிவில் வையுங்கள். செம்மறி எப்போதும் மேட்டில்தான் படுக்கும், எரு முழுக்க அங்கேயே சேரும். உப்புதான் ஆட்டைக் கீழே இறக்கும். இராப்பட்டிக்கு மேலேயும் வலை வேண்டும். சிறுத்தை சுவரைத் தாண்டித்தான் குதிக்கும்.